நாளும் பொழுதும் – 17: பாக்குக் கிடங்கிலிருந்து ஒரு குறிப்பேடு

சென்ற வாரம் தினசரித் திட்டக் குறிப்பேட்டின் காலைப் பக்கத்துக்குக் கோடு போட்டு முடித்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான், திரும்பச் சொல்ல இடமுமில்லை, எனக்கு மனமுமில்லை. தொழிலுக்கும் குடும்பத்துக்கும் நடுவே மாலைப் பொழுதை எப்படிப் பங்கிடுவது என்பதை இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அந்த உத்தேசத்துடன்தான் எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால், வியாழக்கிழமை மாலைக்குள் கட்டுரை ஆசிரியர் கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒரு புறம் நெருக்கிக்கொண்டிருக்கையில், 1706, 1709 என்ற இரண்டு வருஷங்களை யதேச்சையாக அடுத்தடுத்து எழுதிப் பார்த்துவிட்டேன். அதிலிருந்து என் புத்தி வேறு எங்கும் வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது.

1706-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மெழுகுவத்தியும் சோப்பும் காய்ச்சி விற்று ஜீவனம் நடத்திய ஒரு வீட்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் பிறந்தார். 1709-இல், சென்னைக்கு அடுத்த பெரம்பூரில், வர்த்தகக் குடும்பம் ஒன்றில் ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்தார். மூன்று வருஷ இடைவெளியில், பூமியின் இரு கோடிகளில் தோன்றி, ஒருவர் பெயரை மற்றவர் கேட்டிருக்கவும் நியாயமில்லாத இவ்விருவரும், நாள் என்பதை ஏட்டில் பிடித்து வைத்துவிட வேண்டும் என்ற ஒரே பைத்தியத்தை எதிரெதிர்த் திசைகளில் கொண்டிருந்தார்கள். முன்னவர் வரப்போகும் நாளை எழுதினார். பின்னவர் கழிந்த நாளை எழுதினார். இன்று புத்தகக் கடைகளில் பளபளப்பான அட்டை போட்டு அடுக்கி வைத்திருக்கும் பிளானர்கள் யாவும் முன்னவரின் வம்சம். பின்னவருக்கு வம்சமே இல்லை என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். அது நம் நல்லூரில் தழைத்துக்கொண்டிருக்கிறது என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பிராங்க்ளினை முதலில் முடித்துவிடுகிறேன்.

பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் நடத்திக்கொண்டிருந்த இளம்பிராயத்தில், குற்றமே இல்லாத மனிதராக ஆகிவிடுவது என்று ஒரு சங்கற்பம் செய்துகொண்டார் அவர். அச்சுக்காரர் அல்லவா, அதற்கும் ஒரு படிவம் தயாரித்தார். பதின்மூன்று நற்குணங்களைத் தேர்ந்து, ஒரு சிறு புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு பத்தியும், பதின்மூன்று குணத்துக்குப் பதின்மூன்று வரியும் சிவப்பு மையால் கோடிட்டு, இரவில் அன்றைய தவறுகளை நினைத்துப் பார்த்து, எந்தக் குணத்தில் பிசகினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணத்தைப் பிரத்தியேகமாகக் காவல் காப்பது. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. வருஷத்துக்கு நான்கு சுற்று. ஐம்பத்திரண்டு வாரங்கள் மீதமின்றி இப்படி வகுபட்டுப் போனதில் அந்த மனிதருக்கு எவ்வளவு சந்தோஷம் உண்டாகியிருக்கும் என்பதை, கணக்கில் மோகமுள்ளவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் இனிமேல்தான் வருகிறது. ஒரு சுற்று முடிந்ததும் பழைய புள்ளிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே பக்கத்தில் மறு சுற்றைத் தொடங்குவது அவர் வழக்கம். சுரண்டிச் சுரண்டிக் காகிதம் ஓட்டையாகிவிட்டது. மனிதர் அயரவில்லை; யானைத் தந்தத்தாலான ஏடுகளைக் கொண்ட ஒரு குறிப்புப் புத்தகத்தில் சிவப்புக் கோடுகளை அழியாதபடி தீட்டிவைத்துக்கொண்டு, புள்ளிகளை மட்டும் பென்சிலால் இட்டு, ஈரப் பஞ்சினால் துடைத்துக்கொண்டார். குற்றங்களைத் துடைத்துவிட முடிந்தது. கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன. இதை அவரே தம் சுயசரிதையில், 1784-இல் பாரிஸுக்கு அருகே பாசியில் இருந்தபோது எழுதிய பாகத்தில், எவ்வித வெட்கமுமின்றிச் சொல்லுகிறார். இதைப் படித்த பிறகு, வருஷப் பிறப்பன்று நூல் மண்டிக்காரரும் வங்கி மானேஜரும் கொடுத்தனுப்பும் டைரிகள் தை பிறப்பதற்குள்ளாகவே எழுதுவாரற்று, அப்புறம் மளிகைச் சிட்டைக்கும் குழந்தைகள் கிறுக்குவதற்கும் ஆகிவிடுவதைப் பற்றி நான் ஒருவரையும் குறை சொல்வதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். தந்தத்தில் எழுதினாலும் மனிதன் மனிதன்தான்.

அந்தப் பதின்மூன்று குணங்களில் ஒன்று ஒழுங்கு: பொருளுக்கு ஓர் இடம், காரியத்துக்கு ஒரு வேளை என்ற கிரமம். அதன் பொருட்டுத்தான் இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் ஒரு கால அட்டவணை வகுத்தார். காலை ஐந்து மணிக்கு எழுவது, முகங்கழுவிப் பிரார்த்தனை செய்து, இன்று என்ன நன்மை செய்யலாம் என்று தம்மையே வினவி, அன்றைய அலுவலைத் திட்டமிட்டுச் சிற்றுண்டி முடிப்பது, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வேலை, பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை படிப்பு, கணக்குப் பார்த்தல், பகலுணவு, இரண்டிலிருந்து ஆறு வரை மறுபடி வேலை, ஆறிலிருந்து பத்து வரை சாமான்களை இடத்தில் வைத்தல், உணவு, சங்கீதம், சம்பாஷணை, அன்றைய தினத்தைச் சோதித்தல், பத்துக்குப் படுக்கை. கூட்டிப் பாருங்கள்: வேலை எட்டு மணி நேரம், நடுவே இரண்டு மணி நேர ஓய்வு. காகிதத்தில்தான் என்றாலும், பதினெட்டாம் நூற்றாண்டில்!

ஆனால் அந்த அட்டவணையில் எத்தனை முறை தேடினாலும் மனைவி என்றோ குழந்தை என்றோ ஒரு வரி கிடையாது. 1736 நவம்பரில், நான்கு வயது முடிந்து ஒரு மாதமேயான அவருடைய மகன் பெரியம்மை கண்டு இறந்துபோனான். முன்னெச்சரிக்கையாக அம்மை குத்திவைக்காமல் விட்டோமே என்று அந்தத் தகப்பனார் ஆயுள் பூராவும் வருந்தினார். சுயசரிதையில் அதையும் எழுதியிருக்கிறார், பிற பெற்றோர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று. தொழிலும் குடும்பமும் சமன்படுவதைப் பற்றிப் பேசும் புத்தகங்கள் பிராங்க்ளினின் அட்டவணையை எடுத்துக் காட்டும்போதெல்லாம், அந்தக் குழந்தையின் பெயர் எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஒழுங்கு என்ற அந்தக் குணமே தம்மை எல்லாவற்றினும் அதிகமாக அலைக்கழித்தது என்று ஒப்புக்கொள்ளுகிறார் அவர். அதற்கு ஒரு கதையும் சொல்லுகிறார். நல்ல கதையாதலால் இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் சொல்லிவிடுகிறேன். கோடரி வாங்கிய ஒருவர், அதன் விளிம்பு பளபளப்பதுபோல் முகம் முழுவதும் பளபளக்க வேண்டும் என்றாராம். கொல்லரும் சம்மதித்து, சாணைச் சக்கரத்தை நீர் சுற்றும் என்றார். கொல்லர் கோடரியை அழுத்திப் பிடிக்கப் பிடிக்கச் சக்கரம் கனத்தது. சுற்றுகிறவர் நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து பார்த்து, கடைசியில் களைத்துப்போய், இப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். இன்னும் சுற்றினால் ஒளி வரும், இப்போது புள்ளி புள்ளியாக அல்லவா இருக்கிறது என்று கொல்லர் சொல்ல, புள்ளி விழுந்த கோடரிதான் தமக்குப் பிடித்திருக்கிறது என்று பதில் வந்ததாம்.

கதையைவிட முக்கியம், தோல்விக்கு அவர் காட்டும் காரணம். கூலிக்கு வேலை செய்யும் அச்சுத் தொழிலாளிக்கு அப்படிப்பட்ட அட்டவணை ஒருவேளை சாத்தியப்படலாம். பலரோடும் பழக வேண்டிய முதலாளிக்கு, வருகிறவர்கள் தங்கள் சௌகரியப்படி வரும் நேரத்தில் அவர்களைக் கண்டு பேச வேண்டிய முதலாளிக்கு, அது கூடிவராது என்கிறார். அதாவது, தன் நேரம் தன் கையில் இருப்பவனுக்கு மட்டுமே அட்டவணை. அப்படி இருப்பவன் தொழிலாளி. பிலடெல்பியாவில் அது மெய்யாக இருந்ததோ என்னவோ, காங்கயம் ரோட்டில் நின்று பார்த்தால் அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

நல்லூரை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வாக்கியம். திருப்பூரிலிருந்து காங்கயம் போகும் சாலையில், விசுவேசுவரர் கோயிலை நடுவே வைத்துக்கொண்டு கிராமமாக இருந்த ஊர், பனியன் தொழில் பெருகப் பெருகத் தானும் பெருத்து, தனி நகராட்சியாகி, 2011-இல் திருப்பூர் மாநகராட்சியுடன் ஒன்றாகிவிட்டது. இன்று அதன் சந்துகளில் நடந்தால், வீட்டு முன்னறையிலேயே நான்கைந்து மெஷின் போட்ட பவர் டேபிள்களும், ஓவர்லாக், பேட்லாக் என்று ஓயாமல் இரையும் சிறு கம்பெனிகளும், வாசலில் மூட்டை கட்டி வைத்த வெட்டுத் துணியும்தான் கண்ணில் படும்.

இவ்வூரில் பொழுதை அளக்கும் அலகு ஷிப்ட். எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்ட். அதற்குமேல் அரை ஷிப்ட் ஓட்டினால் ஒன்றரை. காலை எட்டரைக்குள் உள்ளே போனவர், ஒன்றரை ஷிப்ட் என்றால், இரவு எட்டரைக்கோ ஒன்பதுக்கோ வெளியே வருகிறார். சரக்கு ஏற்றும் நாள் நெருங்கிவிட்டால் அதுவும் போய் விடிய விடிய ஓடும். சட்டம் வேறு சொல்லவில்லையா என்றால், சொல்லியது: 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டி, அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி என்று விதித்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, நாலா புறமும் கண்டனம் எழுந்து, அந்த மே தினத்திலேயே அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தது நினைவிருக்கலாம். மற்ற ஊர்களில் அந்த மசோதா ஒரு திகைப்பை உண்டாக்கியது. ஒன்றரை ஷிப்டில் வளர்ந்த ஊருக்கு அதில் திகைக்க என்ன இருந்தது என்று நான் அப்போதே நினைத்தேன்.

கம்பெனி முதலாளியைக் கேட்டால் அவர் பொழுதும் அவர் கையில் இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் பையர் சாம்பிளுக்கு ஒப்புதல் தர வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து துணி வர வேண்டும். வந்த துணியில் நிறம் ஒத்துப்போக வேண்டும். பிறகு வெட்டி, தைத்து, பிசிர் வெட்டி, செக்கிங் முடித்து, அயர்ன் போட்டு, பெட்டி கட்டி, தூத்துக்குடியில் கப்பல் புறப்படுவதற்குள் கன்டெய்னர் போய்ச் சேர வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தாமதித்தாலும் அந்தத் தாமதம் முழுவதும் கடைசிக் கண்ணிகளான டெய்லர் மேலும், கைமடிக்கும் பெண் மேலும், செக்கிங் மேஜையின் மேலும்தான் வந்து இறங்குகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு கான்ட்ராக்டர் வந்து, "நாளைக்கு லாரி ஏத்தோணும், இன்னைக்கு எல்லாரும் ஒன்றரை பாத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், அன்று காலையில் யார் என்ன திட்டம் எழுதியிருந்தால் என்ன?

ஆகையால், 'ஆறிலிருந்து பத்து வரை குடும்பம்' என்று குறிப்பேட்டில் கட்டம் போடச் சொல்வது இங்கே உபதேசமாகாது, பரிகாசம்தான். என் வாசகர்களில் பாதிப்பேர் பின்னலாடைத் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதை ஆசிரியர் எனக்கு அடிக்கடி நினைவூட்டுகிறார். அவர்களுக்கு நான் பிராங்க்ளினின் அட்டவணையை அப்படியே கொடுக்கப் போவதில்லை.

அப்படியானால் எதைக் கொடுப்பது? அதைத் தேடித்தான் தெரிந்தவர் வீடு ஒன்றில் போய் உட்கார்ந்தேன். கணவர் பேட்லாக் டெய்லர், மனைவி செக்கிங் வேலை, ஒரு பெண் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. பேச்சுவாக்கில், "ஏன் அம்மிணி, டைரி ஏதாச்சும் எழுதற பழக்கமுண்டா?" என்று கேட்டேன்.

"டைரியாங்? அதெல்லாம் ஆபீசுல இருக்கறவங்களுக்குங்க. எனக்கு இந்தக் காலண்டரே போதுமுங்க" என்று சுவரைக் காட்டினாள் அந்தப் பெண். "சனிக்கெழம சம்பளம் வாங்கறப்ப கணக்கு ஒதைச்சுதுன்னா எடுத்துக் காட்டோணுமல்லங்க?"

எழுந்து போய்ப் பார்த்தேன். மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர், சாமி படத்தின் கீழே. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும், அச்சடித்த நட்சத்திரத்துக்கும் திதிக்கும் பக்கத்தில் இருந்த விரற்கடை வெற்றிடத்தில், பால்பாயின்ட் பேனாவால் 1 அல்லது 1½ என்று எழுதியிருந்தது. ஒரு கட்டத்தில் 'பால் இல்லை'. ஒன்றில் 'கேஸ்'. செவ்வாய்க்கிழமைகளில் 'குழு', அதாவது மகளிர் குழுத் தவணை. ஒன்றில் 'அம்மா வந்தது'. ஒரு புதன்கிழமைக் கட்டத்தில் 1½ என்று எழுதி, அடித்து, ½ என்று திருத்தி, அதன் கீழே, இடம் போதாமல் அடுத்த கட்டத்துக்குள் நுழைந்து, 'பாப்பா காச்சல்' என்று இருந்தது. பாதி நாளில் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்த தாயும், அதனால் கழிந்துபோன ஒரு நாள் கூலியும், குழந்தையின் உடம்புச் சூடும் ஒரே கட்டத்தில். கூலியையும் குழந்தையையும் தனித்தனிப் பத்தியில் எழுத அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்தக் காலண்டரில் இடமில்லை.

இந்த இடத்தில் சிவகாசியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாம் மார்கழியில் புதுக் காலண்டருக்குக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். காலண்டர் அச்சடிக்கும் அவ்வூர்க்காரர்களோ ஆடிப் பெருக்கன்றே அடுத்த வருஷத்து மாதிரி ஆல்பங்களை வெளியிட்டுவிடுகிறார்கள். வரப்போகும் வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து ராகு காலமும் எமகண்டமும் குளிகையும், காவிரியில் புதுவெள்ளம் ஓடும்போதே தீர்மானமாகிவிடுகின்றன. தினசரித் தாளின் அடியில் மீதமிருக்கும் இடத்தில் ஒரு பொன்மொழியையும் போட்டு நிரப்புகிறார்கள் அல்லவா? அதே வேலையைச் செய்தவர்தான் நம் பிராங்க்ளினும்! 1732-ஆம் வருஷக் கடைசியில் அவர் 'ஏழை ரிச்சர்டு' என்ற புனைபெயரில் ஒரு பஞ்சாங்கம் போடத் தொடங்கினார். சுமார் இருபத்தைந்து வருஷம் அது நடந்தது. வருஷத்துக்குப் பத்தாயிரம் பிரதிக்கு நெருக்கமாக விற்றது. விசேஷ தினங்களுக்கு நடுவே காலியாகக் கிடந்த இடங்களில் சிக்கனத்தையும் உழைப்பையும் பற்றிய பழமொழிகளை இட்டு நிரப்பியதாக அவரே எழுதுகிறார். உலகத்துக்கெல்லாம் நேரத் திட்டம் கற்றுக்கொடுத்த ஆசாமி அடிப்படையில் ஒரு பஞ்சாங்கக்காரர் என்பது எனக்கு அளவற்ற ஆறுதலாக இருக்கிறது.

இனி, பாக்குக் கிடங்கு.

ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சுக்காரர்களின் பாண்டிச்சேரியில் பெரிய வர்த்தகர். 1747 முதல் கவர்னர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். பிராங்க்ளினின் வீட்டில் துக்கம் நேர்ந்த அதே 1736-ஆம் வருஷத்தில், இரண்டு மாதத்துக்கு முன்னே, நள வருஷத்து ஆவணி மாதத்தில், செப்டம்பர் 6-ஆம் தேதி, தம் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார். 1761 ஜனவரியில், பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்கு மாறிய அதே மாதத்தில் அவர் காலமாகும்வரை, இடையிடையே விடுபட்டாலும், கால் நூற்றாண்டு அந்த எழுத்து நடந்தது. 1846-இல் கல்லுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் தேடிக் கண்டெடுக்கும்வரை அந்தப் புத்தகங்கள் வெளியுலகம் அறியாமல் கிடந்தன. 1904-இலிருந்து 1928 வரை சென்னை அரசாங்கம் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு பாகங்களாக வெளியிட்டது. சரித்திரக்காரர்கள் அவற்றில் டூப்ளேயைத் தேடுவார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததைத் தேடுவார்கள். 1748-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டதையும், அந்தச் சமயத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் தேடுவார்கள். தேட வேண்டியவைதான். நான் தேடியது வேறு: அந்த மனிதர் ஒரு சாதாரண நாளை எப்படிக் கழித்தார் என்பதை.

காலையில் கவர்னர் மாளிகைக்குப் போவார். அங்கே துரையின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார், பார்த்ததை எழுதிவைப்பார். கூப்பிட்டனுப்பினால் உடனே போக வேண்டும்; போனால் எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாது. அங்கிருந்து தம்முடைய பாக்குக் கிடங்குக்கு வந்து உட்காருவார். அங்கேதான் வர்த்தகர்களும் வம்பளப்பவர்களும் சிபாரிசு கேட்பவர்களும் வந்து சேருவார்கள். 'அங்கிருந்து பாக்குக் கிடங்குக்கு வந்தேன்' என்ற செய்தி பாகம் பாகமாகத் திரும்பத் திரும்ப வருவதைப் படிக்கப் படிக்க, அந்தக் கிடங்கின் வாசனையே நாசியில் ஏறிவிடுகிறது. கவர்னர் சொன்னது, கவர்னரின் அம்மையார் மனைவி சொன்னது, துணியின் விலை, கப்பல் வந்த செய்தி, ஊரில் நடந்த கல்யாணம், தம் குடும்பத்து நல்லது பொல்லாதது, கிரக பலன், ஜோசியர் வாக்கு, யார் யாரை மதித்தார் யார் யாரை அவமதித்தார் என்பது, எல்லாம் ஒரே பக்கத்தில், நடந்த வரிசையில். இது உத்தியோகம், இது குடும்பம், இது சொந்த லட்சியம் என்று கோடு கிழித்துப் பிரிப்பது அவருக்கு வேண்டியிருக்கவில்லை. தம்முடைய பொழுதுக்குத் தாம் எஜமானரல்லர் என்பதை அவர் அறிவார்; பாண்டிச்சேரியிலேயே பெரிய தமிழராக இருந்தும் அறிவார்.

அவர் தொழிலும் துணிதான் என்பதைத் திருப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். பிரெஞ்சுக் கம்பெனிக்கு நீலத்துணியும் வெள்ளைத்துணியும் சேர்த்துக் கொடுக்கும் வர்த்தகர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு, நெசவாளர்களிடம் பங்கிட்டுக் கொடுத்து, கப்பல் பாய் விரிப்பதற்குள் மூட்டை கட்டி முடிக்க வேண்டும். கோட்டைக்குள் தரம் பார்த்துத் தேறாத துணியைத் தள்ளிவிடுவார்கள். பையர், முன்பணம், ஜாப் ஒர்க், செக்கிங், ரிஜெக்ட், ஷிப்மெண்ட். இருநூற்றெழுபது வருஷத்துக்கு முன்னும் சோழமண்டலக் கரையில் ஒருவனுடைய மாலைப் பொழுதைத் தீர்மானித்தது கப்பல் புறப்படும் தேதிதான். தறியில் இருந்த நெசவாளியின் நாளை எழுதிவைக்க அவன் வீட்டுச் சுவரில் காலண்டர் இல்லை. அதனால் அது நமக்குத் தெரியாமலே போயிற்று. பிள்ளையவர்களின் நாள் கிடைத்ததுபோல் நெசவாளியின் நாள் ஒன்றாவது கிடைத்திருந்தால் பன்னிரண்டு பாகங்களில் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்வேன்.

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். குறிப்பேடு என்ற கருவியில் பழுதில்லை. அதை நாம் தொடங்கும் முனைதான் தவறு. கடையில் விற்கும் பிளானர், உன் நாள் உன்னுடையது என்று வைத்துக்கொண்டு, காலையில் உட்கார்ந்து அதைப் பங்கு போடச் சொல்லுகிறது. ஒன்றரை ஷிப்ட் குடும்பத்தில் நாள் யாருடையது என்பதே முதலில் தெரிய வேண்டும். அது இரவில் எழுதினால்தான் தெரியும். பிராங்க்ளினின் அட்டவணையிலேயே இரவில் ஒரு கேள்வி உண்டு: இன்று செய்த நன்மை என்ன என்பது. காலைக் கேள்வியை மட்டும் பிரதியெடுத்துக்கொண்டு இரவுக் கேள்வியைக் கைவிட்டவர்கள், பிளானர் அச்சிட்டு விற்கிறவர்கள்தான். கட்டங்களும் மணிக்கணக்கும் போட்டு விற்பது சுலபம்; நடந்ததை எழுத வெறும் காகிதம் போதும், அதை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

ஆகவே, நல்லூர் வாசகர்களே, வரப்போகும் மாலையைப் பங்கிடுவதற்கு முன்னே, கழிந்த மாலைகளை ஒரு மாதம் எழுதுங்கள். புதுப் புத்தகம் வேண்டாம். சுவர்க் காலண்டரே போதும். ஷிப்ட் எத்தனை; வீட்டுக்கு வந்தபோது குழந்தை விழித்திருந்ததா, தூங்கிவிட்டதா; உங்களுக்கென்று நீங்கள் செய்துகொண்டது ஏதேனும் உண்டா, பத்து நிமிஷம் பேப்பர் படித்ததாயினும் சரி. இந்த மூன்றுக்கும் அந்த விரற்கடை இடத்தில் தாராளமாக இடமிருக்கிறது. மாதம் முடிந்து பார்த்தால், லாரி ஏறிய நாட்கள் எவை, ஏறாத நாட்கள் எவை என்பது கண்ணெதிரே நிற்கும். சரக்கு போன மறுநாளோ, சாயப்பட்டறைத் துணி வராத நாளோ, கம்பெனியில் கை சும்மா இருக்கிற பொழுது ஒவ்வொரு மாதத்திலும் இருக்கிறது. முதலாளி அதை நஷ்டக் கணக்கில் எழுதுகிறார். அதை நாம் எங்கும் எழுதுவதில்லை. பங்கு போடக்கூடிய சொத்து அதுதான். அதைப் போட்டுக்காட்ட இந்த வாரம் இடமில்லாமற் போய்விட்டது. பிள்ளையவர்களின் பாக்குக் கிடங்கில் உட்கார்ந்துவிட்டவன் எழுந்திருப்பது கஷ்டம்.

எனவே, குடும்பப் பக்கம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்: சந்தைக்கும், துணி துவைப்பதற்கும், ஊருக்குப் போய்வருவதற்கும், தூங்குவதற்கும், குழந்தையோடு இருப்பதற்கும் இவ்வூரில் கிடைக்கும் அந்த ஒரே நாளை. அதற்குள், ஒன்றரை ஷிப்ட் வீட்டுக்காரர்கள் யாரேனும் சென்ற மாதத்துக் காலண்டர் தாளைக் கிழித்து எறியாமல் வைத்திருந்தால், பேரையும் கம்பெனிப் பேரையும் மறைத்துவிட்டு, பத்திரிகை விலாசத்துக்கு அனுப்பி வையுங்கள். பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். சனிக்கிழமைச் சம்பளம் இன்னும் பைசலாகாத தாளாக இருந்தால் மட்டும் அனுப்ப வேண்டாம்.